தரம் ஒன்றுப் பிள்ளைக்கு எத்தனை விதமான 4?

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் ஆரம்பக்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், முன்பள்ளிகளை நடத்தும் சனசமூக நிலையங்களுக்கும், ஆலய, தேவாலய நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் பக்கவடிவமைப்பு வேலை பார்ப்பவன். கலியாணக் கார்ட், அந்தியேட்டிக் கல்வெட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் வினாத்தாள் எல்லாம் என் மேசைக்கு வரும். முன்பள்ளி ரீச்சர்மாரும் ஆரம்பப் பிரிவு ரீச்சர்மாரும் கொண்டுவரும் செயலட்டைகளும் வரும். அந்தச் செயலட்டைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. முன்பள்ளிக்கும் தரம் 1, 2 வகுப்புகளுக்கும் செய்யப்படும் தாள், அட்டை, சுவர்ப்படம் எல்லாவற்றிலும் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் ஒரே வடிவத்தில் இருக்கவேண்டும். அந்த வடிவம், ரீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதப் பழக்கும் வடிவமாகவே இருக்கவேண்டும். அது எது என்று நீங்கள் முடிவெடுத்து, ஒரு பக்கத் தாளாக எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். அச்சகங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள்.

இது என்ன பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். ஒரு தரம் ஒன்றுப் பிள்ளையின் புத்தகப்பையைத் திறந்து, உள்ளே எத்தனை விதமான 4 இருக்கிறது என்று பாருங்கள். பாடநூலில் ஒன்று. ரீச்சர் கணினியில் அடித்த செயலட்டையில் இன்னொன்று. கடையில் வாங்கிய புள்ளிக்கோட்டுப் பயிற்சிக் கொப்பியில் வேறொன்று. வீட்டில் சுவரில் ஒட்டிய படத்தில் பென்சிலுக்குக் கண்ணும் வாயும் வைத்து 4 மாதிரி வளைத்திருப்பார்கள். சதுர றூள் கொப்பியில் ரீச்சர் சிவப்புப் பேனையால் தலைப்பில் எழுதிக் கொடுத்தது இவை எதைப் போலவும் இராது. பெரிய ஆட்களாகிய எங்களுக்கு எல்லாமே நாலுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. எந்தக் கோடு 4ஐ 4 ஆக்குகிறது, எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கும் வேலையே அந்த வயதில் இப்போதுதான் தொடங்குகிறது.

4ஐப் பற்றியே கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிக சிக்கல் அதில்தான். கையால் எழுதும்போது பெரும்பாலும் திறந்த 4தான் பழக்குகிறோம்: சாய்வாக ஒரு கோடு கீழே வந்து வலப்பக்கம் திரும்பும், பிறகு கையைத் தூக்கி மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. இரண்டே இழுப்பு. ஆனால் கணினியில் டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், கலிப்ரி, வெர்டானா என்று எந்த எழுத்துருவை எடுத்தாலும் வருவது மூடிய 4. மேலே கூராகச் சந்தித்து, உள்ளே ஒரு முக்கோணம் அடைபட்டிருக்கும். ஒரு ரீச்சர் திருத்திய தாள்களைக் காட்டினார். "இதைப் பார்த்து எழுதுக" என்று மூடிய 4 அச்சடித்த தாள் அது. ஒரு பிள்ளை முதலில் முக்கோணத்தை முழுதாகக் கீறி முடித்து, அதற்குக் கீழே ஒரு காலை ஒட்டியிருந்தது. பென்சில் அழுத்தம் மூன்று மூலையிலும் தெரிந்தது. அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிய பிள்ளை அது. தாள் ஒன்றைக் காட்ட, கரும்பலகை வேறொன்றைக் காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

இதற்கு அடுத்த கூத்து, மேலால் எழுதிப் பழகும் தாள்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புள்ளிக்கோட்டு எழுத்துருக்களில் பல, அச்சு இலக்கத்தின் வெளிவிளிம்பைப் புள்ளியாக்கியவை. அதாவது இலக்கம் உள்ளே வெற்றாக இருக்கும், சுற்றிவரப் புள்ளி. பிள்ளை அந்தப் புள்ளிகளின்மேல் பென்சிலை ஓட்டினால் 4 எழுதப் பழகவில்லை, நாலின் வேலியைச் சுற்றி வருகிறது. 1 என்றால் ஒரு நீட்டுப் பெட்டியைக் கீறி முடிக்கிறது. தாள் நிறைந்திருக்கும், பெற்றோருக்கும் திருப்தி. கை பழகியது என்னவோ வேறு. மேலால் எழுதும் தாளில் இலக்கத்துக்கு நடுக்கோடு ஒன்றுதான் வேண்டும். தொடங்கும் இடத்தில் ஒரு தடித்த புள்ளி, போகும் திசைக்கு ஒரு சின்ன அம்புக்குறி. அவ்வளவு போதும்.

1ஐ எடுங்கள். கில் சான்ஸ் எழுத்துருவில் 1 வெறும் நேர்கோடு; ஆங்கிலப் பெரிய எழுத்து ஐயும் அதே கோடு, சின்ன எழுத்து எல்லும் அதே கோடு. ஏரியலில் தலையில் ஒரு சிறு சாய்கோடு இருக்கும், அடியில் ஒன்றும் இராது. கலிப்ரியிலும் வெர்டானாவிலும் தலையில் சாய்கோடும் அடியில் படுத்த கோடும் இருக்கும். மூன்றும் சரிதான், ஆனால் ஒரே வகுப்பில் மூன்றும் வேண்டாம். தலைக்கோடு நீண்டு போனால் 1 எது, 7 எது என்ற குழப்பமும் வரும். அப்படியானால் 7க்கு நடுவில் குறுக்குக்கோடு போடவேண்டிவரும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறுக்குக்கோடு தேவையில்லை என்பது என் எண்ணம். 1ஐ எளிமையாக வைத்தால் 7 தன்பாட்டில் தெளிவாக நிற்கும்.

6உம் 9உம் பழைய சண்டைக்காரர். முன்பள்ளி ஒன்றில் பிறிஸ்ரல் போட்டை வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் ஒட்டி, லமினேற் செய்து வைத்திருந்தார்கள். வடிவான வேலை. ஆனால் வட்டத்துக்கு மேல் எது, கீழ் எது? பிள்ளை 1 முதல் 10 வரை நிலத்தில் அடுக்கும்போது 6இன் இடத்தில் 9ஐத் திருப்பி வைத்தால் அதைப் பிழை என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. பில்லியட்ஸ் பந்திலும் ஊனோ சீட்டிலும் 6க்கும் 9க்கும் அடியில் கோடு போடுவது இதற்காகத்தான். நாங்கள் அதைவிட இலகுவாகச் செய்யலாம்: அட்டையைச் சதுரமாக வெட்டி, மேல் வலது மூலையைச் சிம் அட்டை மாதிரிச் சரிவாக நறுக்கிவிடுங்கள். எந்த அட்டையும் தலைகீழாக நிற்காது.

வடிவத்திலும் ஒரு வழி இருக்கிறது. பல அச்செழுத்துகளில் 9 என்பது தலைகீழாகத் திருப்பிய 6தான். இரண்டுக்கும் வால் ஒரே வளைவு. கையெழுத்தில் பலர் 9க்கு ஒரு வட்டமும் நேரான காலும் போடுகிறார்கள், 6ஐ மேலிருந்து வளைத்துக் கொண்டுவந்து உள்ளே சுருட்டுகிறார்கள். இப்படி எழுதினால் ஒன்றைத் திருப்பினால் மற்றது வராது. ரீச்சர்மாரின் கை ஏற்கனவே கண்டுபிடித்து வைத்ததைக் கணினி குழப்புகிறது, அவ்வளவுதான்.

2க்கு எங்கள் ஊரில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. கொப்பியின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடப் பழகிய பிள்ளைக்கு உ என்ற எழுத்து முதலே தெரியும். சில அலங்கார எழுத்துருக்களில் 2இன் தலையில் ஒரு சுருளோ குண்டோ வைத்திருப்பார்கள். அதை உ என்று வாசித்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். 2இன் தலை சுருளாமல் வெறும் வளைவாக இருக்கட்டும். அடிக்கோடு நேராக இருக்கட்டும். 3க்கும் மேலே தட்டையான தலை வேண்டாம், இரண்டு வளைவும் உருண்டையாக இருக்கட்டும். தட்டைத் தலை வைத்தால் தூரத்தில் 5 போலத் தெரியும். 0க்கு நடுவே கோடு கீறும் எழுத்துருக்களும் இருக்கின்றன; கொன்சோலாஸ் அப்படி. கணினி நிரல் எழுதுபவர்களுக்கு அது தேவை, பிள்ளைகளுக்குச் சோலி.

ஜோர்ஜியாவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் வடிவாக இருக்கிறது என்று அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். 1996இல் வெளிவந்த எழுத்துரு, கணினித் திரைக்கென்றே மத்தியூ கார்ட்டர் வடிவமைத்தது. எனக்கும் பிடித்ததுதான், கலியாணக் கார்ட்டில் திகதியை அதில் போட்டால் அழகே தனி. ஆனால் அதன் இலக்கங்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. 0, 1, 2 குள்ளமாக நிற்கும். 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே கால் நீட்டும். 6உம் 8உம் மட்டும் மேலே எழும்பும். ஆங்கிலச் சின்ன எழுத்துகளோடு ஒரே வரியில் ஒத்துப்போவதற்காகச் செய்த பழைய மரபு அது. கண்டாரா, கொன்ஸ்டான்ஷியா, கோர்பெல் மூன்றும் இதே சாதி. கன்வாவில் பலரும் எடுக்கும் ராலேவேயும் இப்படித்தான். றூள் கொப்பியில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இலக்கத்தை நிறுத்தப் பழகும் பிள்ளையிடம் இப்படித் துள்ளி விளையாடும் 3 4 5ஐக் கொடுத்தால், பிறகு கோட்டுக்குக் கீழே எழுதியதற்காக அதைக் கண்டிக்க முடியாது. தரம் 2இல் இரண்டு இலக்க எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டும்போது நிலைமை இன்னும் மோசம்: ஒன்றுகள் ஒரு நிரலிலும் பத்துகள் ஒரு நிரலிலும் நிற்க, எல்லா இலக்கத்துக்கும் அகலமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி இடப்பெறுமானம் விளங்கப்படுத்திய ரீச்சரின் உழைப்பைத் தாளில் கோணல் மாணலாக நிற்கும் இலக்கம் கெடுத்துவிடும்.

இனிப் போட்டோக்கொப்பிக்கு வருவோம். நாங்கள் எவ்வளவு வடிவாக அடித்துக் கொடுத்தாலும் பிள்ளையின் கைக்குப் போவது பெரும்பாலும் கொப்பியின் கொப்பி. ஒரு ரீச்சர் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் மற்ற ரீச்சருக்கு அனுப்புவார். அவர் அதைப் பிறின்ற் எடுத்து, தாள் மிச்சம் பிடிக்க இரண்டு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி, அதிலிருந்து வகுப்புக்கு அடிப்பார். தாள் விற்கிற விலைக்கு நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். முன்பள்ளி ரீச்சர்மார் பலர் கைக்காசில்தான் இதெல்லாம் செய்கிறார்கள். ஆனால் அப்படி இரண்டு மூன்று கைமாறியபிறகு, வாய் குறுகிய 6 அடைபட்டு 8 ஆகிவிடும். 3இன் இடப்பக்கம் மூடிக்கொண்டு அதுவும் 8 ஆகும். மெல்லிய கோட்டு எழுத்துரு என்றால் 5இன் தொப்பி காணாமல் போகும். ஆகவே தேர்ந்தெடுக்கும் எழுத்துருவில் 3, 5, 6, 9 நான்கின் வாயும் அகலத் திறந்திருக்கவேண்டும், கோடு நடுத்தரத் தடிப்பில் இருக்கவேண்டும். அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். எழுத்தளவில் 72 பொயின்ற் ஓர் அங்குலம். இலக்கத்தின் உயரம் அதில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. 36 பொயின்றில் அடித்தால் ஒன்பது மில்லிமீற்றர் வரும். முன்பள்ளித் தாளுக்கு அதற்குக் குறைய வேண்டாம். மஞ்சளிலும் இளநீலத்திலும் இலக்கம் அடித்து அதற்குமேல் லமினேற்றும் போட்டால், யன்னல் வெளிச்சத்தில் பின்வாங்குப் பிள்ளைக்குத் தெரிவது வெறும் பளபளப்புத்தான்.

சிலர் சொல்வார்கள்: பிள்ளை வீதிக்குப் போனால் எல்லா விதமும் பார்க்கத்தானே வேண்டும்? கொழும்பு பஸ்ஸின் 87, பருத்தித்துறை பஸ்ஸின் 750, காசுத்தாள், கடிகாரம், கல்குலேற்றர் எல்லாம் ஒரே எழுத்துருவிலா இருக்கின்றன? நியாயமான கேள்வி. எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். (கல்குலேற்றரின் 4 திறந்த 4 என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?) ஆனால் முதலில் ஒரு வடிவம் கையிலும் கண்ணிலும் உறைக்கவேண்டும். அது உறைத்தபிறகு, தரம் 2இல் ஒருநாள் பழைய பேப்பர், கலண்டர், பஸ் ரிக்கற் எல்லாவற்றிலிருந்தும் 4களை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அது நல்ல பாடம். விதம் விதமாகக் காட்டுவது திட்டமிட்டுச் செய்யும் பாடமாக இருந்தால் நான் கையைத் தட்டுவேன். இப்போது நடப்பது திட்டமில்லை. எந்தக் கணினியில் எந்த எழுத்துரு கிடந்ததோ அது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பிள்ளைகள் 3ஐயும் 7ஐயும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது எழுத்துருவால் வருவதில்லை. ஐந்தாறு வயதில் அது சாதாரணம், பெரும்பாலும் தானாகவே சரியாகும். எழுத்துருவை மாற்றினால் கணக்கு வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தாளால் வரும் குழப்பத்தைத் தாளிலேயே தீர்க்கலாம் என்பதோடு என் கதை முடிகிறது.

சரி, எதைப் பாவிப்பது? சசூன் பிரைமரி என்றொரு எழுத்துரு இருக்கிறது. ரோஸ்மேரி சசூன் பிள்ளைகளிடமே கேட்டறிந்து அவர்களுக்காக வடிவமைத்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கவேண்டும். எங்கள் நிலைமைக்குப் பொருந்துவது ஆண்டிகா. வாசிக்கத் தொடங்குபவர்களுக்கென்றே சில் இன்டர்நஷனல் அமைப்பு செய்து இலவசமாக விட்டிருக்கிறது. திறந்த 4, வேறு வால் வைத்த 6, 9 போன்ற மாற்று வடிவங்கள் அதற்குள்ளேயே உண்டு. லிப்ரே ஆபிசில் அவற்றை நேரடியாகத் தெரிவுசெய்யலாம். வேர்ட் பாவிப்பவர்களுக்கு ஒருவர் அந்த வடிவங்களைப் பொருத்திய கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடலாம். கொமிக் சான்சைப் பற்றியும் கேட்பீர்கள். 1994இல் பிறந்ததிலிருந்து என் தொழில்காரர் எல்லாரும் அதைத் திட்டித்தான் வருகிறோம், ஆனால் கையெழுத்தைப் போன்றது என்பதால் ரீச்சர்மார் அதைத் தேடுவது எனக்கு விளங்குகிறது. அதன் இலக்கங்களை உங்கள் மாதிரித் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவந்தால் பாவியுங்கள், நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆனால் எனக்கு உண்மையில் விருப்பமானது வேறு. இலக்கம் பத்தே பத்து. வலயங்களில் எழுத்து வடிவான ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் இல்லாமல் போவாரா? அவர் கரும்பலகையில் எழுதுகிறபடியே 0 முதல் 9 வரை எழுதித் தரட்டும். அதை ஸ்கான் எடுத்து, பொண்ட்போர்ஜ் என்ற இலவச மென்பொருளில் எழுத்துருவாக்கிவிடலாம். சாதாரண வடிவம் ஒன்று, நடுக்கோட்டுப் புள்ளி வடிவம் ஒன்று. 6, 9 சங்கதியும் அப்போது தன்பாட்டில் தீரும். தமிழ் எழுத்துக்கு நீங்கள் பாமினி பாவித்தாலும் யூனிகோட் பாவித்தாலும் அதைத் தொடவேண்டியதில்லை. இலக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஏற்கனவே அடித்து வைத்த வேர்ட் கோப்புகளுக்கும் வழி உண்டு: தேடி மாற்றும் பெட்டியில் மேலே ^# என்று போட்டால் எல்லா இலக்கத்தையும் தேடும்; கீழே ^& என்று போட்டு, அதற்கு எழுத்துருவை மட்டும் புதிதாகத் தெரிவுசெய்தால், முழுக் கோப்பிலும் இலக்கங்கள் மட்டும் ஒரே சொடுக்கில் மாறிவிடும். தொடமுன் கோப்பில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இந்த ஊர் சிறுவர் கல்விக்கு அச்சு வேலையைச் சின்ன வேலையாக நினைத்த ஊர் இல்லை. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நூல் அடிக்கவும்தான். இன்று ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் என்றால் எங்கள் அச்சகங்களில் மூன்று தரம் ஒப்புநோக்கி, கோடு பார்த்து, இடைவெளி பார்த்து அடிக்கிறோம். பெற்றோரும் ரியூசன்காரரும் அதற்குக் காசு தருகிறார்கள். தரம் ஒன்றுத் தாளுக்குக் கிடைப்பது மிச்சம் மீதி நேரம். எனக்கு அது நெடுநாளாகவே மனவருத்தம்.

நீங்கள் அனுப்பும் தாள் எப்படி இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன் என்றால்: ஒரு பக்கத்தில் பத்து இலக்கமும் பெரிதாக, தொடங்கும் புள்ளியும் அம்புக்குறியும் வைத்து. மறுபக்கத்தில் எழுத்துருவின் பெயர், குறைந்தபட்ச அளவு, 6, 9 அட்டைகளுக்கு மூலை வெட்டும் முறை. சுற்றறிக்கை நடையில் வேண்டாம், வகுப்பில் ஒட்டிவைக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். சுவர்ப்படம் விற்கும் கடைகளை உங்களால் கட்டுப்படுத்த முடியாது என்பது தெரியும். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாளின் பிரதி ஒன்று கொடுத்தால், வாங்கும்போது அவர்களே பார்த்து வாங்குவார்கள். கேட்கிறதைத்தான் கடைக்காரரும் எடுத்து வைப்பார்.

அடுத்த கால்கோள் விழாவுக்கான வேலைகள் எங்களிடம் வருடக் கடைசியில் குவியத் தொடங்கும். அதற்கு முன் மாதிரி கைக்கு வந்தால் வருகிற வருடப் பிள்ளைகளுக்கே செய்துவிடலாம். எழுத்துருவாக்கும் வேலைக்கு நான் காசு வாங்கமாட்டேன். கோப்பு எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், மற்ற அச்சகங்களும் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வெள்ளைத் தாளில், ஒரே தடிப்புள்ள கறுப்பு மாக்கரால், ஒவ்வொன்றும் நாலு அங்குல உயரத்தில் எழுதிய பத்து இலக்கங்கள். 4ஐத் திறந்தபடி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சகத் தொழிலாளி,
யாழ்ப்பாணம்.